மாமா ஏறும் தரிப்பிடம்

எங்கள் காரில் மூன்று பேராகப் போவோம், நான்கு பேராகத் திரும்பி வருவோம். எட்டு வயதில் இதை வகுப்பில் சொல்லி, ஆசிரியையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாயாடி என்று பெயர் எடுத்தவள் சொன்னால் உண்மைகூடப் புளுகாகிவிடும்.

அந்தக் கார் மாமாவுடையது. மாமா, அப்பாவின் அக்காவான என் மாமியைக் கலியாணம் முடித்தவர். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது மாமாவின் தகப்பனாருக்கு விற்ற கார் அது. கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கைகள், தலைக்கு மேல் கன்வஸ் துணி. பந்தயத்தில் பறக்கவென்று செய்த காரில் நாங்கள் மாட்டுவண்டி வேகத்தில் கோயிலுக்குப் போய்வந்துகொண்டிருந்தோம்.

நான் பிறப்பதற்கு முன்பே மாமா காணாமற் போய்விட்டார். வேலை முடிந்து பஸ்ஸில் வந்தவர், வழியில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் இறங்கியதைக் கண்டவர்கள் உண்டு. அதன்பிறகு கண்டவர்கள் இல்லை. அந்த யுத்த வருடங்களில் அப்படி இறங்கிப் போனவர்கள் எங்கள் ஊரில் ஒருவர் இருவரல்ல.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அப்பா காரை எடுப்பார். மாமி பக்கத்து இருக்கையில். இருக்கைகளுக்குப் பின்னால் சாமான் வைக்கும் ஒடுங்கிய பலகையில் நான். சீனக்குடாப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, துறைமுகத் தண்ணீர் இடது கைப்பக்கமாகத் தெரியும் ஒரு ஏற்றம் வரும். அந்த ஏற்றத்தின் நடுவில்தான் மாமா இறங்கிய தரிப்பிடம். சரியாக அதற்கு முன்னால் வந்ததும் கியர் தடி நடுங்கும். பிறகு யாரோ பிடித்து இழுத்ததுபோல மூன்றாம் கியரிலிருந்து தானாகக் கழன்று விழும். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை.

கார் நிற்கும். மாமி தன் பக்கக் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருப்பார். தரிப்பிடத்துக்குள் அமர ஆளில்லாத வெறும் சீமெந்து வாங்கு. கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் திரும்பாமலே சொல்வார்:

“தள்ளி இரு, பிள்ளை.”

நான் பலகையின் வலது ஓரத்துக்கு ஒதுங்குவேன். மாமி கதவைச் சாத்துவார். அப்பா காரை எடுத்ததும் அடியில் டொம்மென்று ஒரு சத்தம் கேட்கும். கார் ஒருமுறை சாய்ந்து நிமிரும், பாரமான ஆள் ஏறி அமர்ந்த மாதிரி. வீடு வரும்வரை பலகையின் இடது பாதி மட்டும் அதிர்ந்துகொண்டே வரும். அந்தப் பாதியை நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அப்பா மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துபவர். அவரிடம் இதற்கு வேறு விளக்கம் இருந்தது. எஞ்சின் இரண்டு றப்பர் கட்டிகளின் மேல் இருக்கிறது, கியர்பொக்ஸின் பின்பக்கம் இன்னொன்றின் மேல். அவற்றுக்கு மவுண்ட் என்று பெயர். மூன்றும் பிய்ந்துவிட்டன. ஏற்றத்தில் இழுக்கும்போது எஞ்சின் முறுக்கிக்கொள்கிறது, கியர் கழல்கிறது. காரை எடுக்கும்போது எஞ்சின் துள்ளி விழுகிறது, அதுதான் டொம். நம்முடைய வழியில் ஏற்றமென்று இருப்பது அது ஒன்றுதான்.

எனக்கு எல்லாம் விளங்கியது. பயம் மட்டும் குறையவில்லை.

ஒரு மழைநாளில் கியர் கழன்றபோது கார் நிற்காமல் பின்னால் உருண்டது. பின்னால் லொறி. அப்பா பிரேக்கில் ஏறி நின்றுதான் காரை நிறுத்தினார். லொறியின் முன்பக்கம் என் முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அப்பா அன்றைக்கே லண்டனிலிருந்த சித்தப்பாவுக்குப் போன் எடுத்தார்.

இரண்டு மாதத்தில் பார்சல் வந்தது. உள்ளே சிவப்பு நிறத்தில் மூன்று புது மவுண்ட்கள். நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. பழைய றப்பரைவிடக் கடினமான சாதி, பந்தயக்காரர் போடுவது என்றார் அப்பா. எஞ்சின் அசையாது, ஆனால் அதிர்வு முழுக்க உள்ளே வரும் என்றார்.

எஞ்சினுக்கு அடியில் பலகை கொடுத்து ஜாக்கியால் மெல்ல உயர்த்தி, அப்பா காருக்குக் கீழே படுத்துக்கொண்டு முதல் றப்பரைக் கழற்றி என் பக்கம் எறிந்தார். எண்ணெய் ஊறிக் கறுத்து, நடுவில் வாய்போலப் பிளந்திருந்தது. அப்போதுதான் மாமி வந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கால்களைப் பார்த்துத்தான் பேசினார்.

“காருக்கு ஒண்டும் செய்ய வேண்டாமெண்டு சொன்னனான்.”

“பிள்ளையையும் வைச்சுக்கொண்டு இனி ஏலாது, அக்கா.”

மாமி அங்கேயே நின்றார். நெற்றியில் வட்டமாகக் குங்குமம். அதை வைக்கலாமா கூடாதா என்று ஊர் முதுகுக்குப் பின்னால் கதைத்ததை அவர் ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

“சரி, புதுசைப் பூட்டு. ஆனா அந்த இடத்தில கார் நிக்காமல் வந்துதெண்டா, அவர் இல்லையெண்டு அர்த்தம். அண்டைக்கே இந்தப் பொட்டை அழிச்சிடுவன்.”

காருக்குக் கீழே ஸ்பானர் திருகும் சத்தம் நின்றது. நெடுநேரம் கழித்துத்தான் மீண்டும் தொடங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நான் பிள்ளையாரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கார் நிற்க வேண்டும். நின்றால் மாமா ஏறுவார் என்று பயந்து நடுங்கியவளே அதைக் கேட்டேன்.

திரும்பும் வழியில் கார் முழுவதும் ஒரே சீராக இரைந்தது. கண்ணாடியில் தெரிந்த அப்பாவின் முகம் அதிர்வில் கலங்கியிருந்தது. ஏற்றம் வந்தது. மூன்றாம் கியர். தடி ஆணி அடித்ததுபோல அசையாமல் நின்றது. தரிப்பிடம் தெரிந்தது. மாமி கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை மட்டும் கதவுப் பிடியில் இருந்தது.

அப்போது அப்பாவின் இடது கையைப் பார்த்தேன். இருக்கைகளின் இடைவெளியால் எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அது தடியின் மேல் மெல்லப் போய் அமர்ந்து, ஒரே இழுப்பில் கியரைக் கழற்றியது.

“கழண்டிட்டுது, அக்கா,” என்றார் அப்பா. குரல் அவருடையதாகவே இல்லை.

கார் நின்றது. மாமி கதவைத் திறந்தார். காற்று வந்து கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. வாங்கில் ஒருவரும் இல்லை.

“தள்ளி இரு, பிள்ளை.”

ஒதுங்கினேன். அப்பா கிளச்சைப் படக்கென்று விட, கார் ஒரு துள்ளுத் துள்ளியது. அப்போதுதான் கவனித்தேன், முன்பு இடது பாதி மட்டும் அதிர்ந்த பலகை இப்போது என் பாதியிலும் அதிர்ந்தது. மாமா என் மடியில் இருக்கிறார் என்று நினைத்தேன். வீடு வரும்வரை மூச்சைக்கூடப் பெரிதாக விடவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போது மாமி குனிந்து சொன்னார், “நல்லாத்தான் பூட்டியிருக்கிறாய், தம்பி.” பொட்டு அப்படியே இருந்தது.

மாமி உள்ளே போனதும் கேட்டேன்.

“அப்பா, மாமாவோ உங்கட கையைப் பிடிச்சு இழுத்தவர்?”

அப்பா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

“ஓம், அவர்தான்,” என்றார்.

அந்த ஓம் என்னை ஆட்டிப் படைத்தது. பேய் பிடித்த கை என்று அந்தக் கையைத் தொட மறுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு ரோட்டைக் கடக்கும்போது அப்பா இடது கையை நீட்டினால் என் கைகளைப் பின்னால் மறைத்துக்கொள்வேன். அவர் என் மறுபக்கம் வந்து வலது கையைத் தருவார். மூன்று மாதம் அப்படித்தான் நடந்தோம்.

இப்போது அப்பாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாமியை நான்தான் ஏற்றிப் போகிறேன். முதல்முறை சாவியைத் தந்தபோதுதான் அப்பா சொன்னார். மாமா காணாமற் போன அன்று காலையிலேயே காரின் மவுண்ட் பிய்ந்திருந்ததாம். “நான்தான் அத்தானை மறிச்சனான். இதில போகாதேங்கோ, நான் பாத்து வைக்கிறன், இண்டைக்கு பஸ்ஸில போங்கோ எண்டனான்.”

சாவி வாங்கிய அன்று பின்னேரம் அந்த ஏற்றத்தில் கியர் அசையாமல் நின்றது. மாமி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் இடது கை தானாகத் தடிக்குப் போனது, எனக்கு அழுகை வந்தது. மூன்று மாதம் நான் தொட மறுத்தது எந்தக் கையை என்று அப்போதுதான் விளங்கியது.