தொட்டிக்குப் பூட்டு

அவளை எல்லோரும் பாட்டு டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் அவளுக்கு மூக்குக்கு மேல். "ஊழியத்துக்குப் போற பொண்ணுக்கு இவ்வளவு கோபம் ஆகாதுடி" என்று படகு ஏற்றிவிடும்போதே அம்மா சொன்னாள். "அப்பா லாரி ஓட்டும்போது திட்டுறதை விடவா?" என்று கேட்டுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடும் கீபோர்டோடும் அந்தத் தீவில் வந்து இறங்கினாள். வயது இருபத்து மூன்று.

ஜெபக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், உப்புக்காற்றில் துருப்பிடித்து முனகும் ஒரு மின்விசிறி. பாட்டுப் புத்தகங்களில் பூஞ்சை பிடிக்கும். எடுத்து எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். கீபோர்டுக்குள் எறும்பு குடியேறிச் சில கட்டைகள் ஊமையாகிவிட்டன. விடிந்ததும் வௌவால் எச்சத்தைக் கழுவுவாள், மணி அடிப்பாள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். வெயில் தாழ்ந்ததும் வீடு வீடாகப் போவாள். வேதம் பேசப் போனால் பாதி வீட்டில் முதுகுவலியைத்தான் பேசுவார்கள். இவளும் வேதத்தை மூடி வைத்துவிட்டுத் தைலம் தேய்த்துவிட்டு வருவாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது, ஒரு நாள் பிரசங்கம் பண்ணட்டுமா என்று கேட்டபோது போதகர் சொன்ன பதில்: "பொம்பளைப் பிள்ளை பாட்டோட நிறுத்திக்கிறது நல்லதும்மா." அன்று அவள் கூடத்தைப் பெருக்கிய வேகத்தில் விளக்குமாறு பிய்ந்துபோனது.

பிறகு புயல் வந்தது. கடல் தெருவுக்குள் புகுந்து வடிந்தபோது கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. ஜெபக்கூடத்துத் தகரக் கூரையிலிருந்து மழையைப் பிடிக்கும் சிமெண்டுத் தொட்டி மட்டும் உயரத்தில் இருந்ததால் தப்பியது. முதலில் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு போனார்கள். திடீரென்று ஒருநாள் போதகர் குழாய்க்கு இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டிச் சாவியை டீச்சர் கையில் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வர்றவங்களுக்கு மட்டும் திறந்து விடு. உனக்குத்தான் எல்லா முகமும் தெரியும்."

"வராதவங்க?"

"வரட்டுமே. கதவு திறந்துதானே இருக்கு? கூரை சபையோடது, தொட்டி சபையோடது."

"மழை?"

"உனக்கு வாய் ஜாஸ்தி" என்றார் போதகர்.

மறுத்தால் சாவி வேறு கைக்குப் போகும், தன் கையில் இருந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று வாங்கிக்கொண்டாள். அந்த ஞாயிறே தச்சர் வாளியோடு வந்தார். ஜெபக்கூடத்துப் பக்கமே வராத மனிதர். வீட்டில் மனைவிக்குப் பிரசவமாகியிருந்தது. டீச்சர் வாளியை நிரப்பினாள். படியில் நின்றிருந்த போதகர் இறங்கி வந்து வாளியைத் தூக்கி, ஏணியில் ஏறி, தண்ணீரைத் தொட்டிக்குள்ளேயே திரும்ப ஊற்றினார். தச்சர் காலி வாளியை வாங்கிக்கொண்டார். அவர் போதகரைப் பார்க்கவில்லை. சாவியை வைத்திருந்தவளைத்தான் பார்த்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே பக்கத்து வீட்டு வலைக்காரம்மாவிடம் போனாள். மீன்வலையின் கிழிசல் தைத்துப் பிழைப்பவள். புருஷன் இல்லை, வாய் உண்டு. ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடுபவளும் அவள்தான்.

"அக்கா, நீங்களெல்லாம் ஒண்ணா சேர்ந்து கேட்டா அவர் என்ன பண்ணுவார்?"

"என்னத்தைக் கேக்கிறது? அவர் எனக்குத் தண்ணி குடுக்கிறதா நினைக்கிறார். நாந்தான் அவருக்குத் தண்ணி காட்டிட்டிருக்கேன். ரெண்டு பாட்டு, மூணு குடம். எனக்கு நஷ்டமில்ல. நீ எதுக்குக் குதிக்கிற?"

அந்தப் பதில் எரிகிற நெருப்பில் எண்ணெயாக விழுந்தது.

அடுத்த ஞாயிறு கூடம் பிதுங்கியது. வெளியே சுவரோரம் குடங்கள் வரிசையாக நின்றன. போதகர் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார். "பாருங்கள் இந்த அறுவடையை! நம் டீச்சரின் உண்மையான உழைப்பு." எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கீபோர்டை அப்படியே விட்டு எழுந்தாள். நடுக்கூடத்தில் நடந்து வெளியே போய்க் கூண்டைத் திறந்து குழாயை முழுக்கத் திருப்பிவிட்டுக் கத்தினாள்:

"யாருக்கு வேணும்னாலும் வந்து பிடிங்க! வந்தவங்க, வராதவங்க எல்லாரும்!"

சாவியைக் கடல் பக்கமாக வீசினாள்.

வலைக்காரம்மாதான் முதலில் குடத்தைத் தேடி ஓடினாள். அப்புறம் தெருவே ஓடிவந்தது. குடத்தோடு குடம் மோதியது, ஒருத்தி கூந்தலை இன்னொருத்தி பிடித்தாள், இழுத்த இழுப்பில் குழாய் சுவரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பீறிட்ட தண்ணீரில் பாதிக்கு மேல் மணல்தான் குடித்தது. வெயில் ஏறுவதற்குள் தொட்டி காலி.

போதகர் நிதானமாகச் சொன்னார்: "அடுத்த படகுல கிளம்பு." அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். வலைக்காரம்மா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"உன்ன யாருடி கேட்டா? அளந்து அளந்து குடிச்சுக்கிட்டிருந்தோம். உன் கோபத்துக்கு எங்க தண்ணிய ஊத்திட்டியே!"

வலைக்காரம்மா சொன்னது சரிதான். அதனால் கோபம் இன்னும் ஏறியது, இந்த முறை தன்மேல். அறையில் உட்கார்ந்து அழ அவளுக்குத் தெரியாது. படகுத்துறைக்கு நடந்தாள். அங்கே ஐஸ் கம்பெனியில், வெளியூரிலிருந்து படகில் வரும் நல்ல தண்ணீரில்தான் மீனுக்கு ஐஸ் போடுவார்கள். உடைந்த கட்டிகளை வாரிக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தார் மேஸ்திரி.

"அதை எனக்குக் குடுங்க."

"சும்மா யாரு குடுப்பா?"

"கடலுக்குச் சும்மாதானே குடுக்கிறீங்க!"

மேஸ்திரி சிரித்துவிட்டார். தினமும் விடியலில் தரையைக் கழுவி ஐஸ் அள்ளிவிட்டால், உடைசலை எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சானது. அவள் தள்ளுவண்டியில் பீப்பாய் வைத்து ஐஸ் உடைசலை நிரப்பித் தெருத் தெருவாகத் தள்ளினாள். கை வெடித்தது. "கொதிக்க வெச்சுக் குடிங்க, மீன் வாடை வந்தா மூக்கைப் பிடிச்சுக்கோங்க" என்று வாசலுக்கு வாசல் அதட்டினாள். முதல் வண்டியைத் தச்சர் வீட்டுமுன் நிறுத்தினாள். அவர் பாத்திரம் கொண்டுவந்தார், நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

படகு வந்தது, அவள் ஏறவில்லை. "என்னைக் கூப்பிட்டவர் போதகர் இல்லம்மா, அவர் அனுப்பினா நான் எதுக்குப் போகணும்?" என்று போனில் அம்மாவிடம் கத்தினாள். சபை ஊழியர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டது. பெட்டியை வலைக்காரம்மா வீட்டின் பின்னறையில் கொண்டுவந்து வைத்தாள். வலைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே பாயை விரித்தாள். ஐஸ் கம்பெனியில் வேலை நிலைத்தது. காலையில் அவள் ஜெபம் பண்ணுவது சுவர் தாண்டிக் கேட்கும். பாதி விண்ணப்பம், பாதி சண்டை. "மழை உம்முடையதுதானே, பெய்யறதுக்கு என்ன?" என்று கேட்பாள்.

மழைக்கு முன்னால் வலைக்காரம்மாவின் கொட்டகைக் கூரைக்கு ஒரு தகர வாய்க்கால் வைத்து, கீழே ஒரு தொட்டி கட்டுவது என்று முடிவானது. தச்சர் உளியோடு வந்தார். முதல் மழையில் வாய்க்காலின் மூட்டு ஒழுகியது. பாட்டு டீச்சர் நனைந்துகொண்டே ஏணிக்குக் கீழே நின்று திட்டினாள்: "இதுதான் நீங்க செஞ்ச வேலையா? பாதி தண்ணி மண்ணுக்குப் போகுது!"

"டீச்சர்" என்றார் மேலேயிருந்து தச்சர், "கொஞ்சம் வாயை மூடிட்டு அந்த முனையைத் தூக்கிப் பிடிங்க."

அவள் முறைத்துக்கொண்டே போய்த் தூக்கிப் பிடித்தாள்.