எஞ்சின் அறையில் நான்கு சிவப்பு வாளிகள்

எழுதவே கூசுகிறது. மில் வைத்திருக்கும் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

கடத்தூரில் எனக்குக் கடலை எண்ணெய் மில் உண்டு. அதை ஓட்டுவது சீமையிலிருந்து வந்த ஆயில் எஞ்சின். இந்த யுத்த காலத்தில் அது போனால் வேறு கிடைக்காது. எண்ணெயில் பிடிக்கும் தீக்குத் தண்ணீர் ஆகாது என்பதால், அந்த அறையில் நான்கு சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பி மாட்டியிருந்தேன்.

போன மாதம் ஒரு காலை, எஞ்சினடியில் கசிந்த எண்ணெய் குப்பென்று பற்றிக்கொண்டது. ஓர் ஆள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினான்.

"தண்ணி ஊத்தாதீங்க, தீ பரவிடும்! மண்ணைக் கொட்டுங்க!" என்று எஞ்சின் டிரைவர் காதர் பாய் கத்தினார்.

நான் ஒரு வாளியைக் கவிழ்த்தேன். ஒரு பிடி மணல்கூட விழவில்லை. வெற்றிலை எச்சிலும் பீடித்துண்டுகளும் சேர்ந்து மேல்மணல் செங்கல்லாய் இறுகியிருந்தது. கையை விட்டுத் தோண்டினேன். அடியில் கொழகொழவென்று இருந்தது. மற்ற மூன்றும் அப்படியேதான். அதற்குள் காதர் பாய் சாக்குகளைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்துப் பிழிந்து வந்து, தீயின் மேல் போட்டு அமுக்கி அணைத்துவிட்டார்.

"இதுல துப்பின நாய் எவன்டா?" என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினேன்.

காதர் பாய்தான் சொன்னார்: "தெனமும் நீங்கதானுங்க மொதலாளி துப்பறீங்க. அதைப் பாத்துத்தான் அவங்களும் துப்பறாங்க."

உண்மைதான். எஞ்சினைப் பார்க்கப் போகும்போதெல்லாம் துப்பியிருக்கிறேன்.

இப்போது வாளிகளுக்கு மூடி போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் மணலைச் சலித்து, அடிவரை என் கையையே விட்டுப் பார்க்கிறேன். வெற்றிலையையும் விட்டாயிற்று. ஆனாலும் சோற்றில் கை வைத்தால் அந்த வாளியின் நாற்றம்தான் முதலில் அடிக்கிறது.