பையைவிட்டு வராத டம்ளர்

கோடு போட்ட ஒரு கண்ணாடி டம்ளர். "ஒரு நாளைக்கு இதுல எத்தனை குடிப்பீங்க?" என்று கேட்பதற்காக ஆய்வாளர்கள் கொண்டுவந்தது. குன்னத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், குடியையும் உடல்நலத்தையும் ஆராய வந்த குழுவிடம்தான் அதை முதலில் பார்த்தேன். நான் அப்போது சுகாதாரத் துறையில் புள்ளிவிவர அலுவலர். குழுவை வீடுவீடாக அழைத்துப் போனவர் எங்கள் கிராம செவிலியர். அந்த ஊர்க் காலனியிலேயே பிறந்தவர்.

ஊர்த்தெருப் பெண்கள் மறியல் செய்ததும், மதுக்கடையைத் தூக்கிக் காலனிக்குப் போகும் பாதையில் வைத்திருந்தார்கள். மக்காச்சோளக் காட்டில் வேலை முடிந்து வருகிறவன் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். செவிலியரின் தம்பி தாண்டவில்லை. கண் மஞ்சளித்து, வயிறு வீங்க ஆரம்பித்திருந்தது. ஆய்வு முடிந்தால் கடையை எடுத்துவிடுவார்கள் என்று செவிலியர் நம்பினார். "அது போயிட்டா இவன் பொழச்சுக்குவான் சார்" என்பார்.

விதி எளிமையானது: எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி, ஒரே டம்ளர். காலனியில் ஒரு வீடு விடாமல் நீட்டினார்கள். ஊர்த்தெருவில் அது பையைவிட்டு வரவே இல்லை. நாற்காலி போட்டு மோர் கொடுக்கிற பெரியவரிடம் போய் எப்படி நீட்டுவது? "உங்களுக்குப் பழக்கம் இல்லைதானேங்க?" என்று விடையையும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். "சேச்சே, நம்ம பக்கம் ஏதுங்க அதெல்லாம்? அங்க போயி கேளுங்க" என்றார் பெரியவர். அவருக்குக் கடையிலிருந்து வாங்கி வந்து கொடுப்பதே செவிலியரின் தம்பிதான்.

குடி, காலனியின் பழக்கவழக்கக் கோளாறு என்று அறிக்கை வந்தது. நான் முறைப்படி ஆட்சேபம் எழுதினேன். முறைப்படி கோப்பில் கட்டி வைத்தார்கள். கடை இருந்த இடத்திலேயே இருந்தது. காலனிக்கு ஒரு விழிப்புணர்வு முகாம் கிடைத்தது. ஆள் சேர வேண்டுமே என்று நோயாளியான தம்பியையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவனுக்கு வேண்டியிருந்தது ஈரல் மருத்துவர், கொடுத்தது துண்டறிக்கை. "இதப் படிச்சா வவுறு வத்திருமாக்கா?" என்று கேட்டுச் சிரித்தானாம். அடுத்து வந்த பொங்கலை அவன் பார்க்கவில்லை. பெரியவருக்கும் ஈரல் கெட்டது. அவர் காரில் திருச்சி போய்ப் படுத்துத் தேறி வந்தார். அவருக்கு வந்தது அலைச்சலால் வந்த சூடு என்றது ஊர்.

இந்த வாரம் ஓர் இளம் ஆய்வாளர், அதே ஊரில் மறுபடி ஆய்வு செய்ய யோசனை கேட்டு என் வீட்டுக்கு வந்தார். செவிலியரையும் வரச் சொல்லியிருந்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆய்வாளர் டம்ளரை எடுத்து மேசையில் வைத்தார். அதே கோடுகள்.

"இத எந்தத் தெருவுல மொதல்ல எடுப்பீங்க தம்பி?" என்றார் செவிலியர்.

"காலனியிலதான் மேடம். அங்கதானே பிரச்சினை அதிகம்."

செவிலியர் டம்ளரை எடுத்து ஆய்வாளரின் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார். பையைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

"போயிட்டு வாங்க."