மிளா என்று நான் காட்டியது

நனைந்த சாக்கின் வாடை எனக்கு ஆகாது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டு இப்படிச் சொல்வது வேடிக்கைதான். மழைநாளில் மலையிலிருந்து லோடு இறங்கும்போது காயின் மணத்துக்கு முன்னால் அந்தச் சணல் வாடைதான் உள்ளே வரும். புளித்த, மண் கலந்த ஈர வாடை. உடனே என் வலது கையின் ஆள்காட்டி விரல் தானாக மடங்கிக்கொள்ளும். பார்த்துவிட்டுக் கேட்டவர்களிடம் மரத்துப்போகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மை வேறு.

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போடியில் வெறும் காற்றுதான். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் மலையைக் காணோம். வானம் அடிவாரம்வரை இறங்கி உட்கார்ந்திருந்தது. மதியச் சோற்றில் கை வைக்கும்போது என் மனைவியின் அண்ணன் போன் செய்தார். மலை உச்சி மேட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஓர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பார்ப்பவர்.

“மாப்ளே, கைய ஒதறிட்டு வெரசா வாங்க. ஜீப்பு அடிவாரத்துல, முந்தல்ல நிக்குது. மிளா எறங்கியிருக்காம்.”

மிளா என்றால் மலையில் திரியும் பெரிய மான். மறுநாள் மச்சானின் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். மலைக்கறி போடுவதாக அவர்களிடம் வாய்விட்டுவிட்டார். கூட வருவதாக இருந்த இரண்டு பேர் மழையைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டார்கள். கடைசி நேரத்தில் அகப்பட்டவன் நான்.

மானை வேட்டையாடுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன். கறிக்காகப் போகவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது பெரிய சமாதானம் ஆகாது. மலையடிவாரத்தில் பிறந்து நாற்பத்தாறு வயதாகியும் நான் காட்டில் ஒரு மானைப் பார்த்ததில்லை. ஈர மண்ணில் குளம்புத் தடத்தைப் பார்த்திருக்கிறேன். கடித்துப் போட்ட ஏலக்குருத்தைப் பார்த்திருக்கிறேன். மானைத்தான் பார்த்ததில்லை. நனைந்த மான் என்ன நிறத்தில் இருக்கும்? மழை வலுத்தால் நம்மைப்போல மரத்தடியைத் தேடுமா, இல்லை நின்றபடியே நனையுமா? பார்க்கத்தானே போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உலகத்திலிருந்து ஏதாவது ஒன்று காணாமல் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஊர். பிறகு பள்ளத்தாக்கு. பிறகு சாலையோரச் சுவர். மேட்டைத் தாண்டியபோது ஜீப்பின் மூக்கே தெரியவில்லை. மச்சான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டினார்.

தோட்டத்துக் கொட்டகையில் உரச்சாக்குக்குள் சுருட்டிவைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியை எடுத்தார். குழலுக்குள் வெடிமருந்தைப் போட்டுக் கெட்டிக்கும் பழைய ஆயுதம். இருவரும் ஓடைப் பக்கமாக இறங்கினோம். ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கும் மேலே வளைந்து நின்றன. வெளியே மழை விட்டாலும் ஏலத்துக்குள் மழை விடாது. ஒவ்வோர் இலையும் தன் பங்குக்குப் பெய்துகொண்டே இருக்கும். கால்விரலுக்கிடையில் அட்டை ஏறியது. நான் குனிந்து பார்க்க, மச்சான் சீறினார்.

“அட்டைய அப்பறம் ரசிக்கலாம். என் கண்ணாடியில மஞ்சு அடைச்சுப் போச்சு, ஒரு எழவும் தெரியல. ஒங்களுக்குத்தான் எதையும் உத்து உத்துப் பாக்குற கண்ணாச்சே. பாத்துக் காட்டுங்க, நான் வெடி வைக்கிறேன்.”

இப்படித்தான் வேடிக்கை பார்க்கப் போன நான் வேட்டைக்குக் கண்ணானேன்.

சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் பின்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மஞ்சு, அந்த மலை மூடுபனி, ஒரே சீராக இருப்பதில்லை. மூச்சு விடுவதுபோல அடர்ந்து, விலகி, அடர்ந்து வரும். ஒருமுறை விலகியபோது, நாற்பது அடிக்கு அப்பால், செடிகளின் அடியில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. நனைந்து கருத்த பழுப்பு. வளைந்த முதுகு. அதன் மேல் கூரான ஒரு காது. காது லேசாக அசைந்தது. மூச்சின் ஆவிகூட எழுந்தது. இத்தனை நாள் பார்க்க ஆசைப்பட்டதையெல்லாம் ஒரே நேரத்தில் பார்த்தேன். அதன் கழுத்து வளைவு எவ்வளவு அழகு என்றுகூட நினைத்தேன். நினைத்துக்கொண்டே கையை நீட்டி மச்சானுக்குக் காட்டினேன்.

அவர் என் விரலின் வழியாகப் பார்த்துத் துப்பாக்கியால் குறி வைத்தார். விசையை இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான். மருந்து நனைந்திருந்தது. மச்சான் பல்லைக் கடித்தார். அப்போது அந்தப் பழுப்பு பேசியது.

“யாருப்பா அது? கெடுத்தீங்களே காரியத்த.”

எழுந்து நின்றது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்து முதுகில் தொங்கவிட்டிருந்தார். மழையில் ஏலம் பறிக்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் கொங்காணி. அதன் மடிப்பு முனைதான் நான் பார்த்த காது. அவருக்கும் அப்பால், ஓடைக்குள் கனத்த ஏதோ ஒன்று தண்ணீரை உடைத்துக்கொண்டு ஓடியது. கல் உருண்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும். உண்மையான மிளாவை நான் காதால்தான் கண்டேன்.

நாங்களும் தன்னைப்போல மானைப் பார்க்க வந்தவர்கள் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டார். எங்களை நோக்கி நடந்துகொண்டே திட்டினார்.

“ஒரு மணி நேரமா மூச்சக் கூட அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். தாயும் குட்டியுமா நின்னுச்சு. குட்டி பால் குடிக்கப் போகுது, இந்தா அந்தான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். ஆட்டுக்குட்டி மாதிரி வால ஆட்டுமா, சும்மா நிக்குமா? அதத் தெரிஞ்சுக்கணும்னு மூணு வாரமா வர்றேன். குச்சிய ஒடிச்சு வெரட்டிட்டீங்க.”

அடுத்த தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பவராம். வேலை நாளில் மஞ்சு இறங்கினால், ஆள் தவறிப் போகாமலிருக்க நிரையில் உள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டே காய் பறிப்பார்களாம். அந்தக் கூச்சலுக்கு மான் எங்கே நிற்கும்? அதனால் லீவு நாளில் தனியாக வந்து, வாயை மூடிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த மௌனம்தான் அவரை எங்கள் கண்ணுக்கு மானாக்கியது.

அவர் பேச்சு பாதியில் நின்றது. துப்பாக்கியைப் பார்த்துவிட்டார். பிறகு முழுதாக இறங்காத என் கையைப் பார்த்தார். திரும்பி, தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். தலையிலிருந்த சாக்கை எடுத்து மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். மழை நேராக அவர் தலைமயிரில் விழுந்தது.

“பன்னித் தொல்ல தாங்கல, அதான் வெரட்ட வந்தோம்” என்று மச்சான் ஆரம்பித்தார்.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. “மிளான்னு நெனச்சு நான்தான் காட்டுனேன் தாயி” என்றேன்.

மச்சான் என்னை முறைத்தார். அந்தப் பெண் எங்களுக்குப் பின்பக்கமாக வந்து நின்றார். பிறகு, “ரெண்டு பேரும் முன்னால நடங்க. அந்தச் சாமானக் கீழ பாத்துப் பிடிங்க” என்றார்.

எங்களுக்கு வழி தெரியவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. நான்கு பக்கமும் ஒரே வெள்ளை. பின்னாலிருந்து அவர் குரல் வழி சொன்னது. எடது பக்கம் ஏறுங்க. பாறை வழுக்கும். அந்த வேரப் பிடிங்க. இருபது நிமிடம் இருக்கும். அவர் கையில் நனைந்த சாக்கைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் என் முதுகு கூசிக்கொண்டே வந்தது. ஒருமுறை மெல்ல, வீட்டில் யார் யார் என்று கேட்டேன். மகள் மட்டும்தான், போடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறது என்றார். என்னால் மேலே கேட்க முடியவில்லை. திரும்பிப் பார்க்கப் போனபோதெல்லாம், “முன்னால பாத்துப் போங்கண்ணே” என்று குரல் வந்தது.

கொட்டகையில் மச்சான் நனைந்த மருந்தைக் குழலிலிருந்து சுரண்டி வாளித் தண்ணீரில் கொட்டினார். மறுநாள் சம்பந்தி வீட்டாருக்குக் கோழிக்குழம்பு. அந்தத் துப்பாக்கியை வருகிற வழியிலேயே கழற்றி, பகுதி பகுதியாகப் பள்ளத்தில் எறிந்தார்.

ஆனால் துப்பாக்கியை எறிந்தது நாங்கள் கிளம்பிய பிறகு. கிளம்புவதற்கு முன், ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, “மன்னிச்சிருங்க தாயி” என்று சொன்னேன். வண்டி உறுமியதும் அவர் ஜன்னலருகே வந்தார். முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறவரின் முகம். அந்தக் கேள்விக்கு அன்று நாங்கள் இருவரும் பதில் சொல்லாமல் வந்துவிட்டோம். ஒரு நல்ல பதிலை மூன்று வருடங்களாக எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன். அது உண்மையாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்லத்தான் முடியவில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்:

“மருந்து நனையாம இருந்திருந்தா, என்னயத் தூக்கிக்கிட்டு இந்த ஜீப்புக்கு வந்திருப்பீங்களாண்ணே, இல்ல அங்கனயே போட்டுட்டுப் போயிருப்பீங்களா?”