ஐஸ்கிறீம் குடிக்கப் போலந்துக்கு

ஜெர்மனியின் வடகிழக்கு மூலையில், சாலை தண்ணீரில் முட்டி நின்றுவிடும் ஒரு மீன்பிடிக் கிராமம் இருக்கிறது. சுற்றிவரக் கடலோடு ஒட்டிய களப்பு நீர். எதிர்க்கரை போலந்து. அங்கே காயப்போட்ட உடுப்புகள் காற்றில் ஆடுவதைக்கூட இங்கிருந்து பார்க்கலாம். ஆனால் காரில் போவதென்றால் காட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். கோடையில் மட்டும் ஒரு சின்னப் படகு வந்துபோகிறது.

போன கோடையில் எசனிலிருந்து அக்காவும் அத்தானும் அங்கே வந்தார்கள். ஹனோவரிலிருந்து நானும் போய்ச் சேர்ந்தேன். துறைமுகத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கியதுமே அக்கா எதிர்க்கரையைக் காட்டினாள்.

“அங்க போய் ஒரு ஐஸ்கிறீம் குடிச்சிட்டு வருவமே?”

அத்தான் உடனே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அகதியாக வந்த காலத்தில் ஓர் எல்லையைக் காட்டுக்குள்ளால் நடந்து கடந்தவர் அவர். ஜெர்மன் குடியுரிமை கிடைத்து எத்தனையோ வருடமாகியும் பாஸ்போர்ட் இல்லாமல் வெளிக்கிடமாட்டார். படகில் ஏறும்போது சைக்கிள் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார்கள். போலந்தில் இறங்கிய பிறகும் அத்தான் இறங்குதுறையிலேயே நின்றார்.

“ஒருத்தரும் கேக்கேல்லையே!”

“கேக்காட்டி நல்லதுதானே. வாங்கோ,” என்றாள் அக்கா.

கரையோரக் கடையில் ஐஸ்கிறீம் வாங்கிக் குடித்தோம். ஊரைச் சுற்றி வந்தோம். திரும்பும் வழியில் அக்காவுக்கு இன்னொன்று வேண்டியிருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்தபோது கடைசிப் படகு களப்பின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால், எங்கள் சிவப்புக் கார் பளிச்சென்று தெரிந்தது.

“இப்ப என்ன செய்யிறது?” என்றார் அத்தான்.

“முதல்ல இதைக் குடிப்பம், உருகுது,” என்றாள் அக்கா.

நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரப் பெண் வெளியே வந்துவிட்டாள். ஜெர்மனியில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்திருந்ததால் அவளுக்கு ஜெர்மன் சரளமாக வந்தது. விசயத்தைக் கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டுத் தன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டாள். பைன் மரக் காட்டுக்குள்ளால் நீண்ட ஓட்டம். எல்லை தாண்டியதும் ஜெர்மன் பொலிஸ் மறித்தார்கள். கண்ணாடி இறங்கி முடிய முன்னரே அத்தான் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டார். பொலிஸ்காரர் படத்தைப் பார்த்தார், அத்தானின் சட்டையில் இருந்த ஐஸ்கிறீம் கறையையும் பார்த்தார், சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார்.

“கேட்டவங்கள், பாத்தனியே!” என்று அத்தான் வழிநெடுக என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. அந்தப் பெண்ணைச் சாப்பிடாமல் போக விடுவதில்லை என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். புகைபோட்ட மீனும் பாணும் வாங்கித் தண்ணீரோரம் இறங்குதுறை மேடையில் குந்தினோம். அக்கா கைப்பையிலிருந்து செத்தல் மிளகாய்த்தூளை எடுத்துத் தூவினாள். அந்தப் பெண் இருமினாள். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

இந்தக் கிராமத்தைத் தினமும் பார்த்தபடிதான் வியாபாரம் செய்கிறாளாம். ஆனால் கடை திறந்த பிறகு இந்தப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லையாம். “என்ர ஊர் இங்க இருந்து பாக்க இவ்வளவு வடிவோ?” என்ற அர்த்தத்தில் ஜெர்மனில் ஏதோ சொல்லிவிட்டு, எழுந்து நின்று பார்த்தாள். பிறகு புருசனுக்குப் போன் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையில் ஒரு காரின் விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன. அவள் துள்ளித் துள்ளிக் கையசைத்தாள். நாங்களும் மீன் எண்ணெய் படிந்த கைகளோடு எழுந்து, முன்பின் தெரியாத அந்த மனுசனுக்குக் கையைக் காட்டினோம்.