ஹாஜியாரின் பெயரில் நடமாடியவர்

"இந்த மாவட்டத்தில பதியுதீன் எண்டு நூறு பேர் ஈக்கட்டும். ஆனா பதியுதீன் ஹாஜியார் எண்டா ஒருத்தன்தான். என்னப் போல ரெண்டாவது ஆள் இனி ஒருத்தி பெத்துத்தான் வரணும்."

கனமூலைக் கலியாண வீடொன்றில், ஒரே சஹன் தட்டைச் சுற்றி அமர்ந்திருந்த மற்ற ஐந்து பேரின் முன்னிலையில், எலும்பொன்றை உறிஞ்சி முடித்த கையோடு கொப்பரா வியாபாரி பதியுதீன் ஹாஜியார் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். ஐவரும் மறுக்கவில்லை. இறைச்சி அவர் பக்கம்தான் அதிகம் கிடந்தது.

வங்கிக் கடிதம் வாங்குவதிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தோட்டத்துப் படலைக்குள் நாய்கள் நின்றதால் தபால்காரர் அவருடைய கடிதங்களை ஃபைஸலின் சில்லறைக் கடையில் போட்டுவிட்டுப் போவார். ஹாஜியார் அங்கே வந்து, உறையைப் பெருவிரலால் கிழித்து, கணக்குக் கூற்றை அகல விரித்து, கடையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு "ம்" போடுவார். பிறகு அதை மேசையிலேயே விட்டுவிட்டு நடப்பார். வீட்டுக்குக் கொண்டுபோனால் யார் பார்ப்பது?

ஃபைஸல் கடதாசி வீணாவதைப் பொறுக்காதவன். ஹாஜியாரின் பெயர், விலாசம், கணக்கிலக்கம் எல்லாம் மஞ்சள்தூளையும் கச்சான் கடலையையும் சுமந்துகொண்டு சுருள் சுருளாக வெளிக்கிட்டன. அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுத்து, முகம் கறுத்துப்போச்சு என்று அவர் தள்ளிவிட்ட தாள்களும் அதே வழியே போயின. மிஞ்சியதை ஃபைஸல் திருவிழாக் கச்சான்காரருக்கு நிறுத்து விற்றான். தலவிலைத் திருவிழாவுக்குப் போய்வந்த ஒருவர் கச்சான் சுருளில் ஹாஜியாரின் பெயரைக் கண்டதாகச் சொன்னபோது அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தீங்களா? அங்கேயும் என்னத் தெரிஞ்சீக்கி."

தெரிந்துதான் இருந்தது.

ஒருநாள், அவர் வாசற்படி மிதித்திராத ஒரு வங்கியிலிருந்து கடிதம் வந்தது. விளங்காமல் இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார். "மதிப்புக்குரிய பதியுதீன் அவர்களே, எமது குடும்பத்தில் இணைந்தமைக்கு நன்றி."

"குடும்பமா? எந்தக் குடும்பம்?" என்றாள் மனைவி பளீலா.

"பேங்க் எல்லாரையும் அப்பிடித்தான் செல்லும்."

"நம்மட பேங்க் ஒருநாளும் செல்லல்லியே."

அடுத்த மாதம் கடனட்டைக் கூற்று வந்தது. பெயர் அவருடையது. விலாசம் அவருடையது. வாழ்க்கை மட்டும் வேறொருவருடையது. நீர்கொழும்பில் கடற்கரை ஹோட்டல். கொழும்பில் சென்ட். சிலாபத்தில் பெண்கள் செருப்புக் கடை. சந்தைக்குப் போனாலும் வீட்டுச் சோற்றுப் பொதியைக் கட்டிக்கொண்டு போகிறவர் ஹாஜியார். தன் பெயர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் கண்டதில்லை.

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. தபாலுக்கு முந்தியே ஃபைஸலின் கடைக்குப் போய் நின்றார். கடிதம் வந்ததும் மடிக்குள் செருகி, கொப்பரா காயவைக்கும் வாடிக்குக் கொண்டுபோய்ச் சிரட்டை நெருப்பில் போட்டார். கடதாசி எரிந்தது. ஆனால் உறையின் பளபளப்பான ஜன்னல் உடனே எரியாது. அது மெல்லச் சுருங்கும். அதற்குள்ளிருந்து 'பதியுதீன்' கடைசிவரை அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். வங்கிக் கடிதத்தைப் பிறர் கண்படாமல் காக்கும் கலையில் அவர் அப்போதுதான் தேர்ச்சி பெற்றார். காத்தது தன்னைத் திருடியவனின் இரகசியத்தை என்பது சிறு குறை.

பள்ளிவாசலடியில் ஒருவர், "ஹாஜியார், நேத்து ஒங்களச் சிலாபம் பஸ் ஸ்டேண்டுல கண்ட மாதிரி ஈந்திச்சி" என்றார்.

ஹாஜியார் அவரை ஓரமாகக் கூட்டிப்போனார். "என்ன சட்டை போட்டிருந்தேன்?"

தொலைபேசியில் "பதியுதீனா?" என்று கேட்டால், "எந்தப் பதியுதீன்?" என்று குரலைத் தாழ்த்தினார். தோட்டத்தில் காய்ந்த ஓலை விழுந்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கூட்டினார். தொழுகையில் சலாம் கொடுக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் முகத்தைச் சற்றுக் கூடுதலாகவே பார்த்தார்.

பளீலா சட்டி தேய்க்க வாடியில் சாம்பல் அள்ளப் போனாள். பாதி எரிந்த தாளோடு திரும்பி வந்தாள்.

"சிலாபத்துச் செருப்புக் கடை. எனக்கு அங்கேந்து செருப்பு வரல்லியே. ஆரு அவ?"

ஹாஜியாரிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஏமாந்துவிட்டேன் என்பது ஒன்று. இன்னொரு வீடு இருக்கிறது என்பது மற்றது. முதலாவது உண்மை. இரண்டாவது, ஆண்பிள்ளைகள் மத்தியில் கொஞ்சம் மரியாதையானது. ஹாஜியார் வாய் திறக்காமல் இரண்டாவதன் பக்கம் சாய்ந்து நின்றார்.

பளீலா பேக்கை எடுத்து உடுப்புகளை அடுக்கினாள். "நாளைக்கு அந்த பேங்க்குக்குப் போவோம். உள்ளத அங்க வெச்சிச் செல்லுங்க. இல்லாட்டி அங்கிருந்தே என்ட கூடப்பொறந்த நானாட வீட்டுக்குப் போறேன். இனி வரமாட்டேன்."

அந்த வங்கியின் புத்தளம் கிளையில் சுஜாந்தி என்ற அதிகாரி கோப்பைத் திறந்து வைத்தாள். அடையாள அட்டைப் பிரதி. விலாசத்துக்கு ஆதாரமாக ஹாஜியாரின் பழைய கணக்குக் கூற்று. பிரதியிலும் சுருளின் மடிப்பு தெரிந்தது, கச்சான் எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது.

"ஐயா, இதில ஒருக்காக் கையெழுத்து வையுங்கோ."

வைத்தார். அவள் அதையும் கோப்பிலிருந்த கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "குறை நினைக்காதேங்கோ. அடையாள அட்டையில இருக்கிறதோட, கோப்பில இருக்கிறவற்ற கையெழுத்துத்தான் கூடப் பொருந்துது."

"அவன் இங்க வந்தானா?"

"ஓம், அட்டை வாங்க நேர வந்தவர். நல்ல மரியாதையாக் கதைச்சவர். இந்தக் கதிரையிலதான் இருந்தவர்."

ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

பளீலா எழவில்லை. பேக் மடியில் இருந்தது. "அப்ப செருப்பு?"

"அது நானில்ல பளீலா. எனக்கு வேற வீடில்ல. என்ட பேர அவன் தூக்கிட்டுப் போய்ட்டான். நான்தான் கடையில போட்டுட்டு வந்தேன், எல்லாரும் பாக்கட்டும் எண்டு."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பேக்கை மடியிலிருந்து இறக்கி, காலடியில் வைத்தாள்.

"இனிக் கடிதங்களை வீட்டிலயே எடுங்கோ. எறியிறதெண்டால் பேரும் இலக்கமும் தெரியாமக் கிழிச்சுப்போட்டு எறியுங்கோ" என்றாள் சுஜாந்தி, கணினியில் எதையோ தட்டியபடி. "முறைப்பாட்டைப் பதியோணும், ஐயா. ஆனா உங்கட பேரிலயும் அட்டை இலக்கத்திலயும் முதலே ஒருத்தர் இருக்கிறார். கணினி அதை இன்னொருக்கா எடுக்குதில்லை. தற்சமயம் உங்களைப் 'பதியுதீன் இரண்டு' எண்டு போடட்டே?"

ஹாஜியார் அந்தக் கதிரையைப் பார்த்தார். விளிம்பில் மட்டும் பட்டும் படாமல் அமர்ந்தார்.

"ரெண்டு எண்டே போடுங்க, மகள்."