ஊதாக் கோடு

இது கட்டுக்கதை என்பவர்கள் பெருமாட்டி கிராமத்துக்கு வந்து ஆறுச்சாமியின் வலது தொடையைப் பார்த்துக்கொள்ளலாம். பேய் என்றாலே சிரிக்கிற மனுசன். இப்போது சிரிப்பதில்லை.

அவர் மனைவி கருப்பாத்தாளுக்கு வலது தொடையில் சதைப் புற்று. நரம்போடு பின்னிக் கிடந்ததால் வெட்டி எடுக்க வழியில்லை, கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கதிர் விழ வேண்டிய இடத்தில் ஊதா மையால் கூட்டல் குறி போட்டார்கள். சிகிச்சை முடியும்வரை அது அழியக் கூடாது.

நடுவில் கோயில் நோம்பி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் கோயிலுக்கு வருவதா என்று பிடிவாதம் பிடித்தவர் ஆறுச்சாமிதான்.

“ஏனுங்க, கோடு அழிஞ்சு போயிருமுங்க.”

“அழிஞ்சாப் போவுது. நான் வரஞ்சு உடறேன் போ.”

சீயக்காயோடு கோடும் போனது. ஆஸ்பத்திரியில் திட்டுவார்களே என்று பயந்து, பேனா வாங்கி அவரே வரைந்தார். விரற்கடை தள்ளிப் போய்விட்டதோ என்று அன்றே சந்தேகம். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பாவி. கட்டி கரையவில்லை. கருப்பாத்தாள் போய்ச் சேர்ந்தாள். பேனாவைச் சித்தூர்ப் புழை ஆற்றில் வீசினார்.

சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம். வீட்டில் யாருமில்லை. கட்டிலில் படுத்திருந்தார்.

சீயக்காய் வாசம் வந்தது...

குளியலறையில் தண்ணீர் சொட்டியது. டப்... டப்...

தொடையில் ஏதோ சில்லென்று ஊர்ந்தது.

“அசையாதீங்க...”

அவள் குரல்.

அசைய முடியவில்லை.

விடுபட்டு எழுந்து பார்த்தார். தொடையில் ஊதாக் கூட்டல் குறி. மை காயவில்லை.

தேய்த்துக் கழுவினார். மறுநாள் அதே இடத்தில் அதே குறி.

“மன்னிச்சுரு கருப்பாத்தா” என்று குலுங்கி அழுதார். பழி வாங்க வந்திருக்கிறாள், அதுவும் நியாயம்தான் என்று நினைத்தார்.

குறியைப் பார்த்துப் பயந்த மகள் யோகப்பிரியா அவரை அதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஸ்கேனில், கைக்குத் தட்டுப்படாத ஆழத்தில், ஒரு கட்டி. இதையும் வெட்ட முடியாதாம். கரண்டுதான்.

குறி போட வந்த ஷிஜு மெஷின் வெளிச்சத்தைத் தொடையில் அடித்தான். அப்படியே நின்றான்.

“யாரு அங்கிள் இத வரஞ்சது? ஒரு நூல்கூட மாறல. நான் போட வேண்டிய இடமே இதுதான்.”

அன்றிலிருந்து ஆறுச்சாமி அந்தத் தொடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விடுவதில்லை.